மண்டபத்தில் சொன்ன இலக்கம்

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
2024 ஒக்டோபர் 9, புதன்கிழமை.

அன்புள்ள மகள் றொவீனாவுக்கு,

உன் மச்சான் கொலின் நேற்று மாலை உனக்குத் தொலைபேசியில் சொன்ன செய்தி பிழையானது. நான் மருந்து ஆய்விலிருந்து விலக்கப்படவில்லை. யாரோடும் சண்டை பிடிக்கவும் இல்லை. எனக்கு இரத்த அழுத்தம் கூடிப் புத்தி தடுமாறியது என்று அவன் சொல்லியிருந்தால் அதுவும் பிழை. அழுத்தம் நூற்று முப்பத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. அந்த இலக்கத்தை நானே எட்டிப் பார்த்தேன். இன்று காலைப் பூசை முடிந்து வரும்போது, மாதா கோவில் வாசலில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து, “பாவம், தனிய இருக்கிறபடியாத்தான்” என்று சொன்னார்கள். அவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான். மண்டபத்தில் என்னிடம் வாராவாரம் கேட்கும் கேள்விக்கு நேற்று முதல் தடவையாக உண்மையான பதிலைச் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை நான் ஆங்கிலத்தில் எழுதாதது உனக்குப் புதினமாக இருக்கும். காலையில் இரண்டு முறை ஆங்கிலத்தில் தொடங்கினேன். இரண்டு முறையும் முதல் வரியிலேயே நான் நல்ல சுகம் என்று கை தானாக எழுதிவிட்டது. கொன்வென்ட் சிஸ்டர்மார் அப்படித்தான் பழக்கினார்கள். கடிதத்தில் உடம்பைப் பற்றி எழுதுவது மரியாதை இல்லை என்று பதினொரு வயதில் கற்றுக்கொண்டது. அந்தத் தாள்களைக் கிழித்துப்போட்டுவிட்டுத் தமிழில் எழுதுகிறேன்.

ஆய்வில் சேரும்போது, புள்ளிவிபரம் பார்ப்பதே தொழிலான நீ எனக்கு விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது. பழைய முறையில் கடைசி ஆள் வரைக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணிப் பார்ப்பார்கள். அதற்குள் பாதிப்பேர் பயனில்லாத மருந்தை எடுத்து முடித்திருப்பார்கள் என்றாய். இந்த முறையில் நடுவழியிலேயே எண்ணுவார்கள். எந்தெந்தத் திகதியில் எண்ணுவது, எண்ணியபின் என்ன செய்வது என்பதெல்லாம் முதல் ஆள் சேருமுன்னமே எழுதி வைத்த விதி. முன்னால் வந்தவர்களின் இலக்கங்களைப் பார்த்து, எந்த மருந்து நல்லதாகத் தெரிகிறதோ அதைப் பின்னால் வருபவர்களில் கூடுதலானோருக்குக் கொடுப்பார்கள். ஒன்று உதவாது என்று தெரிந்தால் அதை மூடியும் விடுவார்கள். “மம்மி, உங்களுக்குப் பிறகு வாற சனத்துக்கு உங்கட பதில்தான் வழி காட்டும்” என்று நீ சொன்னாய். அதற்காகத்தான் கையெழுத்து வைத்தேன். என்னுடைய காலுக்காக மட்டும் என்றால் வைத்திருக்க மாட்டேன்.

சீனி வியாதியால் வரும் கால் எரிவுக்கு மூன்று மருந்துகள். ஒன்று வெள்ளை மாத்திரை, ஒன்று தூள் அடைத்த கூட்டுக்குளிசை, மற்றது களிம்பு. சேர்ந்த அன்று டொக்டர் நல்லரத்தினம் என்னை அறைக்குள் இருத்தி, கதவைச் சாத்தி, எரிவு பூச்சியத்திலிருந்து பத்து வரைக்கும் எவ்வளவு என்று கேட்டார். எட்டு என்றேன். அது உண்மை. கணினி குலுக்கிப் போட்டதில் எனக்குக் களிம்பு விழுந்தது.

களிம்புக்காரர் செவ்வாய்க்கிழமைதோறும் கிளினிக் மண்டபத்துக்கு வர வேண்டும். தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்கவும், எவ்வளவு பூசினோம் என்று அறியக் களிம்புக் குழாயை நிறுக்கவும். யசோதினி என்ற பிள்ளைதான் இதையெல்லாம் செய்கிறாள். கெட்டிக்காரப் பிள்ளை, நகம் வெட்டிச் சுத்தமாக வருவாள். இருப்பது ஒரே ஓர் அறை, அதில் டொக்டர் இருப்பார். ஆகையால் நாங்கள் கதிரைகளில் வரிசையாக இருக்க, அவள் கையில் டெப் கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போவாள். இந்தக் கிழமை எத்தனை? நாங்கள் சொல்வோம். அவள் அழுத்துவாள். முதல் கதிரை என்னுடையது. மற்றவர்கள் அதை எனக்கென்று விட்டுவிடுவார்கள்.

முதல் செவ்வாய்க்கிழமை என் எதிரே இருந்தவர் யார் தெரியுமா? கதிர்காமத்தம்பி. அரசாங்கக் கச்சேரியில் நான் பிரதம லிகிதராக இருந்தபோது எனக்குக் கீழே பியூனாக இருந்தவர். முதுகுவலி என்று லீவு கேட்டு வந்தவரை, எழும்பி நிற்க முடிகிறவருக்கு வேலை செய்யவும் முடியும் என்று திருப்பி அனுப்பியவள் நான். ஒரு தடவை அல்ல. அவருக்கு முன்னால், பன்னிரண்டு பேருக்குக் கேட்கக்கூடியதாக, எட்டு என்று நான் எப்படிச் சொல்வது? இரண்டு என்றேன். யசோதினியின் முகம் மலர்ந்தது. அடுத்த கிழமையும் இரண்டு. அதற்கடுத்ததும். மே மாதம் தொடங்கி நேற்றைக்கு முந்திய செவ்வாய் வரை பத்தொன்பது தடவை இரண்டு சொல்லியிருக்கிறேன்.

உண்மையான இலக்கம் எனக்குத் தெரியும். கோவில் நாட்காட்டியின் கட்டங்களில் ஒவ்வொரு நாளும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். கச்சேரியில் வெளியே போகும் பிரதி ஒன்று, கோப்பில் கிடக்கும் பிரதி ஒன்று என்று முப்பத்தொரு வருடம் வேலை செய்த பழக்கமாக இருக்கலாம். அநேகமான நாட்களில் ஏழு, எட்டு. ஜூலை பத்தாம் திகதி ஒன்பது. அன்று குளியலறையில் பாதம் தரையில் படுவது தெரியாமல் விழுந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இல்லை, படம் காட்டிக் கதைக்க முடியாது என்று உனக்குச் சொன்னேன். கரண்ட் இருந்தது. நெற்றியில் கட்டு இருந்தது. அதற்கடுத்த செவ்வாய் மட்டுந்தான் மண்டபத்துக்குப் போகவில்லை. உனக்கும் ஒவ்வொரு ஞாயிறும் நான் இரண்டு என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ பார்ப்பது என் முகத்தை. கால் மேசைக்குக் கீழே இருக்கிறது.

இந்த இடத்தில் எழுந்து வாவிப் பக்கத்து யன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். பிறகு திறந்தேன். காலையிலிருந்து இப்படித்தான், ஒரு கதிரையில் தொடர்ந்து இருக்க முடியவில்லை.

தொடக்கத்தில் மண்டபத்தில் பதின்மூன்று கதிரைகள் இருந்தன. ஜூன் கடைசியில் முதலாவது எண்ணிக்கை நடந்தது. அதன்பின் கதிரைகள் கூடத் தொடங்கின. ஓகஸ்டில் இரண்டாவது எண்ணிக்கை முடிந்ததும் பக்கத்துப் பாலர் வகுப்பிலிருந்து நீள வாங்கு கொண்டுவந்து போட்டார்கள். இப்போது முப்பத்தியொரு பேர். யசோதினியிடம் கேட்டேன். மருந்துகளின் நிலவரம் தனக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது, இலக்கங்கள் போவது வேறொரு சபைக்கு என்றாள். நான் உன் தாய் அல்லவா, கதிரைகளை எண்ணினேன். புதிதாக வருபவர்களைக் கணினி களிம்புப் பக்கமே கூடுதலாக அனுப்புகிறது என்று விளங்கியது. உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எட்டிலிருந்து இரண்டுக்கு இறங்கியவள் நான். நல்ல நோயாளி. அப்படித்தான் என்னை நானே நினைத்துக்கொண்டேன், காலில் நெருப்பை வைத்துக்கொண்டு.

அப்படி ஓகஸ்டில் வந்தவர்களில் ஒருத்தி அன்னப்பூரணி. பழுகாமத்தவள், அறுபத்தொரு வயது, புருஷனோடு சேர்ந்து சொந்த வயலைச் செய்கிறவள். விடிய வெளிக்கிட்டு இரண்டு பஸ் மாறி வருவாள். எனக்கு அடுத்த கதிரையில் இருப்பாள். முதல் நாள் யசோதினி கேட்டபோது சத்தமாக எட்டு என்றாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கிழமை ஆறு. அதற்கடுத்து நாலு. செப்டெம்பர் நடுவில் அவளும் இரண்டுக்கு வந்துவிட்டாள். நல்லது என்று நினைத்தேன். ஆனால் அவள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் படியேறுவாள். வார் பட்டால் தாங்காதவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். நானும் வீட்டில் அப்படித்தான்.

போன கிழமை, முதலாம் திகதி, பஸ் நிலையம் வரை அவளோடு நடந்து போய், அவளுக்கு உண்மையில் சுகமா என்று கேட்டேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “சுகமெங்க மிஸ். நெருப்புக்குள்ள வெச்சமாதிரி இரிக்கி. ஆனா உங்களுக்கே ரெண்டெண்டா எனக்கு எட்டெண்டு சொல்ல வெக்கமா இரிக்கி. மருந்தில பிழையில்ல மிஸ், என்ட காலிலதான் என்னவோ குத்தம்.”

றொவீனா, உனக்குத் தெரிந்திருக்கும் விதியொன்று இருக்கிறது. இரண்டு கிழமை தொடர்ந்து ஏழுக்கு மேல் சொன்னால் டொக்டர் அவர்களை அறைக்குள் கூப்பிட்டு வேறு மருந்து சேர்த்துக் கொடுப்பார். எரிவு தாங்காதவர்களுக்கு வைத்த வாசல் அது. என் இரண்டைப் பார்த்து அந்தப் பெண் அந்த வாசலைத் தானே சாத்திக்கொண்டாள். இது விதைப்புக் காலம். வயல் வட்டைக்குள் இறங்கக் காலை ஊன்ற முடியவில்லை, புருஷன் ஏசுகிறான் என்றாள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அடுத்த வளவுச் சின்னத்தங்கம் வேலியடியில் நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாள். அவள் கூட்டுக்குளிசைக்காரி. மாத்திரைக்காரரையும் குளிசைக்காரரையும் மண்டபத்துக்கு வரச் சொல்வதில்லை. தோலைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? வாராவாரம் வேறொரு பிள்ளை அவர்களைத் தொலைபேசியில் கேட்கிறாள். சின்னத்தங்கத்தை உனக்குத் தெரியும். எரிவு ஏழு என்றாள். பிறகு மருமகளைப் பற்றிச் சொன்னாள். பிறகு யோசித்துப் பார்த்தால் ஏழரை போடலாமா என்று கேட்டாள். கேட்பதற்கு வேறு யாரும் இல்லாத இடத்தில் அவள் உள்ளதை உள்ளபடி சொல்கிறாள்.

அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. ஒரு பக்கம் மண்டபத்தில் ஊர் பார்க்கச் சொன்ன இலக்கங்கள். மற்றப் பக்கம் வீட்டில் தனியே சொன்ன இலக்கங்கள். கணினிக்கு இரண்டும் ஒன்று. அது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, களிம்பு நல்லது என்று எண்ணி, அடுத்த ஆளை எங்கள் வாங்குக்கு அனுப்புகிறது. அந்த ஆளும் வந்து, வரிசையில் இருந்து, முதல் கதிரையில் இருக்கும் என் இலக்கத்தைக் கேட்டுவிட்டுத் தன் இலக்கத்தைச் சொல்கிறார்.

களிம்பு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அது தெரியாது. சிலருக்கு உண்மையாகவே குணமாகியிருக்கலாம். நல்ல மருந்தொன்றைக் கெடுத்த பாவமும் எனக்கு வேண்டாம். ஆனால் இந்த மாதம் முப்பத்தோராம் திகதி மூன்றாவது எண்ணிக்கை. அதில் பின்தங்கியதை மூடிவிடலாம் என்று டொக்டரே ஓகஸ்ட் கூட்டத்தில் சொன்னார். மூடியபின் வருபவர்களுக்கு அது கிடைக்காது. இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். யசோதினி என்னிடம் வந்து கேட்டாள். எட்டு என்றேன். அவள் பிழையாகக் கேட்டுவிட்டதாக நினைத்து, இரண்டா அன்ரி என்றாள். நான் எழுந்து நின்று, எட்டு என்றும், இன்றைக்கு மட்டுமல்ல, மே மாதத்திலிருந்தே எட்டு என்றும், இதுவரை நான் சொன்ன இரண்டுகள் எல்லாம் பொய் என்றும், அவற்றைத் திருத்தித் தரும்படியும் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அந்தப் பிள்ளைக்கு முகம் கறுத்துவிட்டது. எட்டை அழுத்திவிட்டு, கொஞ்சம் இருங்கள் அன்ரி என்று சொல்லி, பழக்கத்தில் அடுத்த கதிரைக்குப் போய் அன்னப்பூரணியைக் கேட்டாள்.

அன்னப்பூரணி என்னைப் பார்த்தாள். யசோதினியின் முகத்தைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். இரண்டு என்றாள்.

நான் உண்மையைச் சொன்னால் அவளும் சொல்லுவாள் என்று நம்பித்தான் எழுந்து நின்றேன். உண்மை சொன்னவளை எல்லோரும் எப்படிப் பார்த்தார்கள் என்பதைத்தான் அவள் கண்டாள். பிறகு என்னை அறைக்குள் கூட்டிப்போய் அழுத்தம் பார்த்துக் கொலினுக்கு அறிவித்ததையும் அவள் கண்டிருப்பாள். அடுத்த கிழமை அவள் ஒன்று என்று சொன்னாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

டொக்டர் நல்லரத்தினம் மரியாதையாகத்தான் பேசினார். பழைய கிழமைகளை டெப் திறக்க விடாது என்றார். பிந்திய நினைவை வைத்து முந்திய இலக்கத்தை மாற்றக் கூடாது, வலி கூடிய நாளில் எல்லா நாளும் வலித்ததாகத் தோன்றும் என்றார். அது நியாயமான பேச்சு. நாட்காட்டி மட்டும் இல்லாவிட்டால் நானே ஏற்றுக்கொண்டிருப்பேன். ஒருவருடைய இலக்கம் இவ்வளவு பெரிய ஆய்வைச் சாய்த்துவிடாது, கவலைப்படாமல் வீட்டுக்குப் போங்கள் அன்ரி என்றார். நீயும் அதையே சொல்லுவாய். நான் மட்டும் என்றால் சரி. வாசலில் கொலினின் காருக்குக் காத்திருந்தபோது கதிர்காமத்தம்பி என் பக்கத்தில் வந்து நின்று, வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எனக்கும் மூண்டில்ல மிஸ், ஏழு. நீங்க ரெண்டெண்டு சொல்லக்குள்ள நான் எப்பிடி ஏழெண்டு சொல்லுற? மறுகா லீவுக் கதை வந்திரும்.” பகிடியாகச் சொன்னார். முப்பது வருடத்துக்கு முந்திய முதுகுவலிக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்காததுபோல் நின்றார்.

அந்த வரிசையில் இன்னும் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. உன் தொழில் அதைக் கண்டுபிடிப்பது. எனக்கு இதைச் சொல்லித் தா. நடுவழியில் இலக்கங்களைப் பார்க்கும் அந்தச் சபைக்கு நோயாளி ஒருத்தி நேரே எழுதலாமா? எழுதலாம் என்றால் யார் பெயருக்கு? பழைய இலக்கத்தை அழிக்கும்படி நான் கேட்கவில்லை. கச்சேரியில் நாங்கள் பிழையின் மேல் ஒரே கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, திகதியும் கையெழுத்தும் வைப்போம். பிழையும் தெரிய வேண்டும், திருத்தமும் தெரிய வேண்டும். பத்தொன்பதுக்கும் அப்படிக் கையெழுத்து வைக்க ஆயத்தமாக இருக்கிறேன். நாட்காட்டியையும் கொடுப்பேன். அதில் வேறு குறிப்புகளும் இருக்கின்றன, உன் டடியின் நினைவுநாள் போன்றவை. வாசித்தால் வாசிக்கட்டும்.

என் பெயரை வெட்டிவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் முப்பத்தோராம் திகதிக்கு முன் எல்லோரையும் ஒரே விதமாகக் கேட்கும்படி அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். தொலைபேசியிலோ, கதவைச் சாத்தியோ, எப்படியென்றாலும் சரி, தனியாக. அன்னப்பூரணியைத் தனியாகக் கேட்டால் எட்டு என்பாள். எனக்கு நிச்சயம்.

இங்கே மழை தொடங்கப் பார்க்கிறது. கொலின் மீன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், என் முகத்தைப் பார்க்காமல். அவன்மேல் கோபமில்லை. நீ லீவு எடுக்கவோ பயணச்சீட்டுப் பார்க்கவோ தேவையில்லை. கைத்தடி ஒன்று வாங்கிவிட்டேன், பாவிக்கவும் செய்கிறேன். குளியலறையில் பிடிப்பதற்குக் கம்பி பூட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். இன்றைய இலக்கம் ஏழு.

பேரப்பிள்ளை கிம்முக்கு என் முத்தங்கள். ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் நீ எண்ணும் எண்ணிக்கைகளையும் நேராக வைத்திருப்பாராக.

இதைத் தபாலில் போட்டால் நாள் போய்விடும். றுமைஸின் போட்டோக்கொப்பிக் கடையில் நானே தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்து, உன் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். பதிலையும் அவன் அச்செடுத்துத் தருவான். வரும் செவ்வாய், பதினைந்தாம் திகதி, காலை எட்டரைக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். டொக்டரிடம் கொடுக்க என் கையில் ஒரு தாள் வேண்டும். தயவுசெய்து தொலைபேசியில் சொல்லாதே. திங்கட்கிழமைக்கு முன் எழுத்தில் பதில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள மம்மி,
வயலட்